யூவி வாங்கியாச்சு, இனி பியூரெட் எதற்கு?

ஓமலூர் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியையாகச் சேர்ந்து இரண்டு வருடமான ஒருவர் கேட்டிருக்கிறார். துறைக்குக் கருவி வாங்கக் கொஞ்சம் பணம் வந்திருக்கிறதாம். யூவி-விசிபிள் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் (கரைசல் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி, சுருக்கமாக யூவி) ஏற்கெனவே இருக்கிறது. அடுத்து எதை வாங்கலாம்? பிஎஸ்சி பிள்ளைகளைத் தொட விடலாமா? கருவி வந்த பிறகு, பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷனைக் குறைத்துவிடலாமா? இளநிலையில் ஆராய்ச்சி என்பது நடக்கிற காரியமா?

மேடம், நான் சேலத்தில் 31 வருடம் பிஎஸ்சி லேபில் நின்றவன். கேட்ட வரிசையில் பதில் சொல்ல வரவில்லை. காபியிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் துறைக்கு முதல் யூவி வந்தபோது அதற்கு ஒரு துணி உறை தைத்தார்கள். அறைக்குப் பூட்டு. சாவி துறைத்தலைவர் மேசையில். கமிட்டி வரும் நாளில் மட்டும் உறை கழலும். மூன்றாவது வருடம் ஒரு வழியாகச் சாவி என் கைக்கு வந்ததும் இறுதியாண்டுப் பிள்ளைகள் நான்கு பேரை உள்ளே விட்டேன். ஏற்காடு காபியில் காபீன் எவ்வளவு என்று பார்ப்பதுதான் பிராஜெக்ட். (சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். அவர் வைத்த கிரேஞ்ச் எஸ்டேட் ஏற்காட்டில் இன்றும் இருக்கிறது.) காபீன் தண்ணீரில் 273 நானோமீட்டரில் நன்றாக ஒளியை உறிஞ்சும். 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) கரைசல் சுமார் 0.5 அப்சார்பன்ஸ், அதாவது ஒளி உறிஞ்சல் அளவு, காட்டும். செறிவு தெரிந்த ஐந்து ஸ்டாண்டர்டு கரைசல் தயார் செய்தார்கள், நேர்க்கோடு வந்தது, ஆர்-ஸ்கொயர் 0.999 (1 என்றால் முழுப் பொருத்தம்). காபித்தூளைக் கொதிக்க வைத்து வடிகட்டி, நீர்த்து, வைத்து எடுத்தால் 3 சதவீதத்துக்கும் மேலே வந்தது. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். நம்ம ஊர் காபி எவ்வளவு காரமானது என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

அராபிகாவில் காபீன் 1.2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், ரொபஸ்டாவில் அதைப் போல இரு மடங்கு வரலாம் என்பது தெரிந்திருந்தும் மயக்கம். மயக்கத்தைத் தெளிய வைத்தவர் எங்கள் லேப் அசிஸ்டன்ட். "சார், வெறும் சிக்கரியைப் போட்டுப் பாருங்களேன்" என்றார். அவர் வீட்டில் எழுபதுக்கு முப்பது கலந்து வாங்குகிறவர்கள். சிக்கரியில் காபீன் கிடையாது, துளிகூட இல்லை. போட்டுப் பார்த்தோம். கருவி கொஞ்சமும் கூச்சப்படாமல் அதிலும் காபீன் இருப்பதாகச் சொன்னது.

உண்மையில் கருவி பொய் சொல்லவில்லை. 273-இல் இவ்வளவு ஒளி காணாமல் போனது என்று மட்டும்தான் அது சொல்லும். காணாமல் போனதற்குக் காபீன்தான் காரணம் என்று முடிவு கட்டியது நாங்கள். காபியில் இருக்கும் குளோரோஜெனிக் அமிலம் 325-ஐ ஒட்டி உச்சம் காட்டினாலும் அதன் வால் 273 வரை நீளும். வறுக்கும்போது உண்டாகும் பழுப்புப் பொருட்கள் வேறு. சிக்கரியை வறுத்தாலும் அதே கதைதான்.

அப்புறம் பழைய முறைக்குத் திரும்பினோம். சோடியம் கார்பனேட் போட்டுக் கொதிக்க வைத்தால் அமிலங்கள் உப்பாகித் தண்ணீரிலேயே தங்கிவிடும். டைகுளோரோமீத்தேனோடு பிரிபுனலில் குலுக்கினால் காபீன் அதற்குள் இறங்கும். அந்தக் கரைப்பானை ஓட்டிவிட்டு, மிச்சத்தைத் தண்ணீரில் கரைத்து, மறுபடி அதே யூவியில் வைத்தபோது எண் 1.2-க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அந்த நான்கு பேரும் மூன்று வருடத்தில் படித்த வேதியியலைவிட அந்த இரண்டு வாரத்தில் கற்றது அதிகம் என்று எனக்குத் தோன்றும். எந்தக் குப்பியை வைத்தாலும் கருவி ஓர் எண்ணைக் கொடுத்துவிடும், வெறும் குழாய்த் தண்ணீரை வைத்தாலும் கொடுக்கும். அந்த எண்ணைச் சந்தேகப்படப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க முடிந்தால் மட்டும் கருவி வாங்குங்கள். முடியாது என்றால் அந்தப் பணத்தில் நல்ல கண்ணாடிச் சாமான் வாங்கலாம்.

ஆகவே தொட விடலாமா என்ற கேள்விக்குப் பதில், தொட விடாவிட்டால் வாங்கவே வேண்டாம் என்பதுதான். உடைந்துவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. யூவியில் பிள்ளைகள் உடைக்கக்கூடியது பெரும்பாலும் குவார்ட்ஸ் குவெட் (மாதிரியை ஊற்றி வைக்கும் சிறு குப்பி) ஒன்றுதான். அதற்குப் பயந்து சாதாரணக் கண்ணாடிக் குவெட்டைக் கொடுத்தால் 340-க்குக் கீழே கண்ணாடியே ஒளியைக் குடித்துவிடும். அதையும் ஒரு நாள் வேண்டுமென்றே கொடுத்துப் பாருங்கள், காபீன் ஏன் தெரியவில்லை என்று அவர்களே மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். இன்னொரு பழக்கம்: அப்சார்பன்ஸ் 3.1274 என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். அப்சார்பன்ஸ் 2 என்றாலே நூற்றில் ஒரு பங்கு ஒளிதான் மறுபக்கம் வருகிறது. 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தத் துளி வெளிச்சத்தை வைத்து நான்கு தசம இடம் எழுதுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். நீர்த்து, 1-க்குக் கீழே கொண்டுவந்து மறுபடி எடு என்று திருப்பி அனுப்புங்கள்.

முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மூடிய பெட்டிக்கு முன்னால் திறந்த பெட்டி வேண்டும். அட்டைப்பெட்டி ஒன்று, பிளேடால் கீறிய சிறு பிளவு, ஒரு பழைய டிவிடித் துண்டு, செல்போன் கேமரா. இவ்வளவு போதும், டியூப்லைட்டில் பாதரசத்தின் பச்சைக்கோடு தெரிந்துவிடும். அதைக் கையால் செய்த பிள்ளைக்கு அப்புறம் யூவியின் மூடிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று படம் போட வேண்டியதில்லை. யூவியில் உள்ள டியூட்டீரியம் விளக்குக்கே 656.1 நானோமீட்டரில் ஒரு கூர்மையான கோடு உண்டு. பிளஸ் டூவில் படித்த பாமர் வரிசைதான் அது. கருவி காட்டும் அலைநீளம் சரியா என்று சோதிக்க அந்தக் கோடே போதும். பாடத்தில் பார்த்த கோடு கருவிக்குள் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் சில முகங்கள் மாறும்.

சரி, பியூரெட்டுக்கு வருகிறேன். இதில்தான் எனக்கும் என் சக ஆசிரியர்களுக்கும் பல சண்டை நடந்திருக்கிறது.

உங்கள் கல்லூரியிலிருந்து சேலம் வரும் வழியில் கருப்பூர் தாண்டினால் வெள்ளைக்கல் சுரங்கம். மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். சுத்தமான மேக்னசைட்டில் மெக்னீசியம் 28.8 சதவீதம். ஒரு கிராம் கல்லை அமிலத்தில் கரைத்து 250 மில்லிக்கு உயர்த்தினால் மெக்னீசியம் சுமார் 1150 பிபிஎம். இதை அணு உறிஞ்சல் கருவியில், நாம் ஏஏஎஸ் என்று சொல்வதில், 285.2 நானோமீட்டரில் அளக்க வேண்டுமானால் 0.5 பிபிஎம் வாக்கில் இருந்தால்தான் கோடு நேராக இருக்கும். அப்படியென்றால் இரண்டாயிரம் மடங்குக்கு மேல் நீர்க்க வேண்டும். ஒவ்வொரு நீர்ப்பிலும் ஒரு பிப்பெட் பிழை. அது போதாதென்று கல்லில் உள்ள சிலிக்காவும் அலுமினியமும் தீச்சுடருக்குள் மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதை விடுவிக்க லாந்தனம் உப்பு சேர்க்க வேண்டும். இத்தனையும் செய்து முடித்தால் வரும் எண்ணில் ஒன்றிரண்டு சதவீதப் பிழை சர்வ சாதாரணம்.

அதே கரைசலை பிஎச் 10 பஃபரில் எரியோகுரோம் பிளாக்-டி என்ற நிறங்காட்டி போட்டு, உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ-வால் டைட்ரேட் செய்யட்டும். சுண்ணாம்பின் பங்கைத் தனியாக எடுத்துக் கழித்துவிட வேண்டும், இரும்பை முன்கூட்டியே அகற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். ஒயின் சிவப்பு நீலமாக மாறும் இடத்தைச் சரியாகப் பிடிக்கிற பிள்ளைக்குப் பிழை அரை சதவீதத்துக்குள் நிற்கும். கைக்காவல் மாதிரி இன்னொரு சோதனையும் உண்டு. கல்லை மஃபிள் உலையில் 1000 டிகிரி வாக்கில் எடை நிலையாகும் வரை சுடுங்கள். கரியமில வாயு வெளியேறி எடையில் 52.2 சதவீதம் போக வேண்டும், 47.8 சதவீதம் மக்னீசியாவாக, அதாவது மெக்னீசியம் ஆக்சைடாக, மிஞ்ச வேண்டும். எடை எவ்வளவு குறைந்தது என்பதிலேயே கல்லின் தரம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். லட்சக்கணக்கில் விலை சொல்லும் வெப்ப எடைக் கருவி செய்கிற வேலையில் பாதியை உலையும் தராசும் செய்துவிடும்.

அப்படியானால் ஏஏஎஸ் எதற்கு? அதே கல்லில் நிக்கல் எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று கேளுங்கள். இந்த வெள்ளைக்கல் பிறந்தது டூனைட் மாதிரியான பாறைக்குள். அந்தப் பாறைகள் நிக்கலும் குரோமியமும் கலந்தவை. பத்து பிபிஎம் நிக்கலைப் பியூரெட்டால் அளக்க முடியாது. அங்கேதான் ஏஏஎஸ் தன் சம்பளத்துக்கு வேலை செய்யும். 1955-இல் ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் இந்த முறையை வெளியிட்டதும், அதன் பிறகு சுரங்கத்துறை இதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டதும் இதற்காகத்தான். நிறைய இருப்பதை அளக்கப் பியூரெட், கொஞ்சமாக இருப்பதை அளக்கக் கருவி. ஒரே கல்லை இரண்டிலும் அளக்க வைத்து, எந்த எண்ணை எதற்காக நம்புவாய் என்று வைவாவில் கேளுங்கள். டைட்ரேஷனை எடுத்துவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லாமல் போகும்.

சால்ட் அனாலிசிஸை (ஓர் உப்பில் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பயிற்சியை) வேண்டுமானால் குறைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அதில் வருத்தமில்லை. ஹைட்ரஜன் சல்பைடு மணத்தில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது, போதும்.

கொலுசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் இதைவிட நல்ல பாடம் கிடையாது. வெள்ளிப் பட்டறை வீட்டுப் பிள்ளைகள் வகுப்புக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். "எங்க கடையில எக்ஸ்ஆர்எஃப் மிஷின் இருக்கு சார், வச்ச உடனே டச் சொல்லிடும்" என்று ஒருவன் பெருமையாகச் சொன்னான். டச் என்றால் வெள்ளியின் சுத்தம், நூற்றுக்கு எத்தனை என்பது. கருவி ஊடுகதிரை அனுப்பி, திரும்பி வரும் கதிரின் ஆற்றலை வைத்து எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்லும். பொருளை உரசக்கூட வேண்டாம். அவனிடம் ஒரு தேய்ந்த பழைய கொலுசையும், வெளுப்புக் கொடுத்து முடித்த புதுக் கொலுசையும் கொண்டுவரச் சொன்னேன். வெளுப்பு கொடுக்கும்போது சூடாக்கி அமிலத்தில் போடுகிறார்கள். மேற்பரப்பில் உள்ள செம்பு ஆக்சைடாகிக் கரைந்து போகும், வெள்ளி தங்கிவிடும். அதனால் தோல் மட்டும் உள்ளே இருப்பதைவிடச் சுத்தமாகிவிடும். எக்ஸ்ஆர்எஃப் பார்ப்பது அந்தத் தோலையும் அதற்குக் கீழே மிகக் கொஞ்சத்தையும் மட்டும்தான். புதுக் கொலுசில் மேலே வைத்துப் பார்த்த டச்சும், ஒரு வளையத்தை அறுத்து வெட்டுமுகத்தைக் காட்டிப் பார்த்த டச்சும் வேறு வேறாக வந்தன. அந்தத் துண்டை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, தயோசயனேட்டால் டைட்ரேட் செய்து, வெட்டுமுகம் சொன்னதுதான் சரி என்று அவனே உறுதி செய்தான். வோல்ஹார்டு முறை, 1870களில் வந்தது. அன்று மாலை அவன் அப்பாவிடம் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

எதை வாங்கலாம் என்றால், என் கணக்கில் முதலில் வர வேண்டியது நல்ல பிஎச்-மில்லிவோல்ட் மீட்டரும் ஒரு ஃபுளோரைடு எலக்ட்ரோடும். பார்க்க எடுப்பாக இருக்காது, கமிட்டிக்குக் காட்டப் பத்தாது. ஆனால் நம் பக்கத்து மாவட்டமான தருமபுரியின் நிலத்தடி நீருக்கு ஃபுளோரைடு எவ்வளவு பெரிய தலைவலி என்று உங்களுக்குத் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். குடிநீரில் 1 மில்லிகிராம் வரை சரி, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். லாந்தனம் ஃபுளோரைடு படிகம் வைத்த அந்த எலக்ட்ரோடு செறிவு பத்து மடங்கு மாறினால் 59 மில்லிவோல்ட் மாற வேண்டும், 25 டிகிரியில். நெர்ன்ஸ்ட் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிக் களைத்துப் போன எனக்கு, கருவியில் 57, 58 என்று வருவதைப் பார்க்க எப்போதும் ஒரு சந்தோஷம். அலுமினியமும் இரும்பும் ஃபுளோரைடைக் கட்டிப் போட்டுவிடும், அதனால் அதை விடுவிக்கும் டிசாப் என்ற பஃபர் கரைசலைச் சேர்க்க மறக்கக் கூடாது. மாதிரிகளைக் கண்ணாடியில் எடுக்காமல் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் சொந்த ஊர்க் கிணற்றிலிருந்தும் போர்வெல்லிலிருந்தும் ஒரு பாட்டில் கொண்டுவந்தால் ஒரே செமஸ்டரில் உங்கள் கையில் ஒரு வரைபடம் இருக்கும்.

அடுத்தது எஃப்டிஐஆர், அதாவது பொருள் அகச்சிவப்பு ஒளியை எங்கே உறிஞ்சுகிறது என்று காட்டும் கருவி, வைரப் படிகம் வைத்த ஏடிஆர் வசதியோடு. பொட்டாசியம் புரோமைடு வில்லை அழுத்தும் வேலை அதில் மிச்சம். தூளை வைத்து, திருகி, ஒரு நிமிடத்தில் நிறமாலை வந்துவிடுவதால் 40 பேர் வகுப்பிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை கிடைக்கும். ஆஸ்பிரின் செய்தால் அதையே வைத்துப் பார்க்கலாம். வெள்ளைக்கல்லைச் சுடுவதற்கு முன்னும் பின்னும் வைத்தால் 1450 செ.மீ⁻¹-ஐ (அகச்சிவப்பில் பயன்படும் அலை எண்) ஒட்டிய கார்பனேட் பட்டை காணாமல் போவது தெரியும். இன்னொன்று, மாதிரி எதுவும் வைக்காமல் ஓட விட்டு ஒரு பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி நின்று மூச்சுவிடச் சொல்லுங்கள். 2350 பக்கம் ஒரு பட்டை எழும்பும், அவன் மூச்சில் உள்ள கரியமில வாயு. பூமி ஏன் சூடாகிறது என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டாம். ஈரம்தான் இந்தக் கருவிக்கு எமன். சேலம் வெயிலில் பெரிதாகப் பயமில்லை, ஐப்பசி மழையில் உண்டு. ஏற்காட்டில் மேகம் சன்னல் வழியாக உள்ளே வரும் ஒரு லேபில் இதே மாதிரிக் கருவி ஒன்று இரண்டாவது வருடமே கண் மங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தின் நிறம் மாறியதை யாரும் கவனிக்கவில்லை.

எச்பிஎல்சி, அதாவது கரைசலைப் பம்பு செய்து கலவையைப் பிரிக்கும் கருவி, வாங்க ஆசை வரும். காபீன் கதைக்கு அதுதான் முழுப் பதில், பிரித்து அளந்துவிடும். ஆனால் அது யானை மாதிரி, வாங்குவதைவிடத் தீனி போடுவதுதான் கஷ்டம். உயர்தர மெத்தனால், 0.45 மைக்ரான் வடிதாள், அவ்வப்போது புது காலம் (column, கலவையைப் பிரிக்கும் குழாய்), தடையில்லாத மின்சாரம், ஒழுங்கான எர்த்திங், எல்லாவற்றுக்கும் மேல் அதையே கவனிக்க ஓர் ஆள். ஒரு பொங்கல் விடுமுறைக்கு முன் பாஸ்பேட் பஃபர் ஓடிக்கொண்டிருந்த கருவியை அப்படியே நிறுத்திவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்தபோது பம்புக்குள் உப்புப் படிந்து சீல் போயிருந்தது. தவறு முழுக்க என்னுடையது. தண்ணீர் ஓட்டி, பிறகு மெத்தனால் ஓட்டி நிறுத்தியிருந்தால் அரைமணி நேர வேலை. பழுது பார்ப்பது மூன்று மாதம் இழுத்தது, அதுவரை பிள்ளைகள் கருவியின் படத்தைப் பார்த்துப் படித்தார்கள். வருடாந்திரப் பராமரிப்புக்கும் ரசாயனத்துக்கும் தனியாகப் பணம் ஒதுக்குவதாக நிர்வாகம் எழுத்தில் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.

மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் வேண்டாம். அதற்கு மாதிரியை அனுப்பினால் போதும். ஐஐடி மெட்ராஸில் உள்ள சைஃப் என்ற பொதுக் கருவி மையம் வெளியாருக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு எடுத்துத் தரும். நாட்டில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பதிவு செய்ய 2020-இல் வந்த ஐ-ஸ்டெம் தளம் இருக்கிறது. பெரியார் பல்கலைக்கழகம் உங்களுக்கு எட்டும் தூரம், நேரில் போய்ப் பேசுவதே நல்லது.

இளநிலையில் ஆராய்ச்சி நடக்குமா என்றால், நடக்கும். ஆனால் புது மூலக்கூறு கண்டுபிடிப்பது, நானோ துகள் செய்து இலைச்சாறு பெயர் வைப்பது என்று போனால் பாதியில் நிற்கும். (இலைச்சாற்றில் வெள்ளி நானோ துகள் செய்யாத கல்லூரி ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்றே தெரியவில்லை.) ஊரில் இருக்கும் ஒரு கேள்வியை எடுங்கள். ஆத்தூர் பக்கத்துக் குச்சிக்கிழங்கில் சயனைடு தோலில் எவ்வளவு, சதையில் எவ்வளவு, ஜவ்வரிசியாகி வரும்போது எவ்வளவு மிஞ்சுகிறது? பிக்ரேட் தாள் முறையில் நிறத்தைக் கரைத்து 510-இல் யூவியில் அளக்கலாம். பிக்ரிக் அமிலம் உலர்ந்தால் வெடிக்கும், அதை ஈரமாகவே வைத்து நீங்களே கையாளுங்கள், பிள்ளைகளிடம் தாளை மட்டும் கொடுங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கருவி போதும். ஒரு குழு கிழங்கைப் பார்க்கட்டும், ஒரு குழு முறையையே சோதிக்கட்டும்: பிளாங்க் (மாதிரி சேர்க்காத வெற்றுக் கரைசல்) எவ்வளவு ஆடுகிறது, தெரிந்த அளவைச் சேர்த்தால் அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது, அதே மாதிரியை அடுத்த வாரம் எடுத்தால் என்ன வருகிறது என்று. இரண்டாவது குழுவுக்குத்தான் நான் அதிக மார்க் போடுவேன். செலவுக்கு தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் பிராஜெக்ட்டுக்குத் தரும் சிறு நிதிக்கு எழுதிப் பாருங்கள். துறைக்கே வேண்டுமென்றால் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஸ்டார் காலேஜ் திட்டம் 2008-லிருந்து இளநிலைக் கல்லூரிகளுக்காகவே இருக்கிறது.

வெளியே மாதிரி அனுப்பும்போது ஒன்று மட்டும். குப்பியில் மார்க்கர் பேனாவால் எண் எழுதாதீர்கள். வழியில் ஒரு சொட்டு மெத்தனால் கசிந்தாலும் எழுத்து அழிந்துவிடும். பென்சிலால் எழுதிய சீட்டை ஒட்டி மேலே செலோடேப் சுற்றுங்கள். ஒரு முறை என் பிள்ளைகளின் பன்னிரண்டு குப்பிகள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டும் ஒரே மாதிரி வெறுமையாக இருந்தன.